மரச்சட்ட மோரிஸ் மைனருக்கு எது சரி: ஒட்டா, இறக்குமதியா, நம்ம ஊர் ஆசாரியா?

போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவர் மேலூர்க்காரர். தாத்தா வாங்கிய வண்டி, மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் இருபது வருஷமாக நிற்கிறது. இன்னொருவர் மதுரைக்குள்ளேயே இருக்கிறார். ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, வாங்கிய பிறகுதான் கதவைத் திறந்து பார்த்திருக்கிறார். இரண்டுமே மோரிஸ் மைனர் டிராவலர் என்கிற பழைய இங்கிலாந்துக் கார், பின்பாதி மரச்சட்டத்தில் நிற்கிற வண்டி. இரண்டு பேர் கேட்டதும் ஒன்றுதான்: “மரம் உளுத்துப் போச்சு, கீழே துருவும் இருக்கு. இருக்கிறதை ஒட்டுப்போட்டு ஓட்டலாமா, இங்கிலாந்திலிருந்து புதுச் சட்டம் வரவழைக்கலாமா, இல்லை நம்ம ஆசாரியிடமே கொடுத்துவிடலாமா?”

என்னிடம் இருப்பது 948 சிசி எஞ்சின் போட்ட 1961ஆம் வருஷத்து டிராவலர். இந்த மூன்று வழியிலும் கொஞ்சம் கொஞ்சம் போய்ப் பார்த்து, மூன்றிலும் பணத்தை விட்டிருக்கிறேன். அந்தக் கணக்கில் எழுதுகிறேன்.

## முதலில், அந்த மரம் எதற்கு இருக்கிறது?

டிராவலர் 1953இல் வந்தது, 1971 வரை செய்தார்கள். முன்பாதி சாதாரண மைனர்தான், முழுக்க இரும்பு. முன்கதவுக்குப் பின்னால் ஆரம்பிப்பது ஆஷ் மரச்சட்டம், அதன்மேல் அலுமினியத் தகடும் அலுமினியக் கூரையும். அதே கம்பெனியின் மினி டிராவலரிலும் வெளியே மரம் தெரியும். ஆனால் அது ஒட்டி வைத்த அழகு, கழற்றி எறிந்தாலும் வண்டி ஓடும். மைனரில் அப்படி இல்லை. கூரையின் பாரம், பின்கதவின் பாரம், பக்கவாட்டு விறைப்பு எல்லாம் மரத்தில்தான் நிற்கின்றன. இங்கிலாந்தில் இந்த வயது வண்டிகளுக்கும் வருடாந்திரச் சோதனை கட்டாயமாக இருந்த காலத்தில், இந்த மரம் உளுத்திருந்தால் வண்டி தேறவில்லை என்று தள்ளிவிடுவார்கள். துருப்பிடித்த சேஸிஸை எப்படிப் பார்ப்பார்களோ அப்படித்தான் இதையும் பார்த்தார்கள்.

அதனால் எந்த வழி என்பதற்கு முன், எந்தக் கட்டை என்று கேளுங்கள். பின்சக்கரத்துக்கு மேலேயும் பின்னேயும் ஓடுகிற கீழ்க்கட்டை, அதிலிருந்து எழும் நிலைக்கட்டைகள், நகரும் கண்ணாடி உட்கார்ந்திருக்கிற இடுப்புக்கட்டை, கூரையைத் தாங்கும் மேல்கட்டை, பின்கதவின் அடிக்கட்டை: இவை ஒரே மாதிரி கெடுவதில்லை. மேல்கட்டை பெரும்பாலும் அறுபது வருஷத்துக்கு அப்புறமும் நன்றாக இருக்கும். கீழ்க்கட்டையும் கதவின் அடியும்தான் முதலில் போகும். இடுப்புக்கட்டையில் கண்ணாடி ஓடுகிற தடம் இருக்கிறதல்லவா, அதன் வடிகால் துளை தூசியில் அடைந்தால் தண்ணீர் அங்கேயே தங்கிவிடும். நம்ம ஊர்ப் புழுதிக்கு ஒரே கோடையில் அடைந்துவிடுகிறது.

சோதிக்க ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர் போதும். அதன் கைப்பிடியால் கட்டையைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல மரம் ‘டக்’கென்று பேசும், கெட்டது ‘பொத்’தென்று வாங்கிக்கொள்ளும். சந்தேகமான இடத்தில் முனையை வைத்து அழுத்துங்கள். என் வண்டியில் வலப்பக்கக் கீழ்க்கட்டை வெளியே வார்னிஷ் பளபளவென்று இருந்தது. சக்கர வளைவுக்குப் பின்னால் அழுத்தியபோது முனை ஒரு அங்குலம் உள்ளே போனது, வெளியே இழுத்ததும் காப்பித்தூள் மாதிரி கொட்டியது. அதற்கு நேர் மேலே கரிக்கட்டையாகக் கறுத்திருந்த இடம் கல் மாதிரி இருந்தது. கறுப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இரும்பு ஸ்க்ரூவும் ஈரமும் சேர்ந்து விடுகிற கறை அது, ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் தடவினால் பெரும்பாலும் போய்விடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அது விஷம்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் பார்ப்பது இவை. கட்டை பாரம் தாங்குகிறதா, சும்மா மூடியிருக்கிறதா? அதன் கீழே இருக்கிற இரும்பு எந்த நிலையில் இருக்கிறது? வெயில், ஐப்பசி மழை, கரையான் மூன்றுக்கும் இந்த வேலை நிற்குமா? நாளைக்குத் தவறு தெரிந்தால் கழற்றித் திருத்த முடியுமா? வேலையில் சொல்லாத செலவு எங்கே ஒளிந்திருக்கிறது?

கடைசியாகக் காகிதம். 2021இல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஆனால் வண்டி அசல் உருவில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அந்தப் பதிவில் தினசரி ஓட்டவும் முடியாது, ஊர்வலம், கண்காட்சி, பழுது, பெட்ரோல் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகிற எண்ணம் இருந்தால், பழைய கட்டையை எடுக்கும் முன்பும் புதுக்கட்டை வைத்த பின்பும் அளவுகோலை ஒட்டிவைத்துப் படம் எடுத்து வையுங்கள். அதே அளவு, அதே பொருத்து என்று காட்ட வேறு வழி இருக்காது.

## இரும்பைப் பார்க்காமல் மரத்தைத் தொடாதீர்கள்

இதை நடுவில் வைக்கக் காரணம், எல்லோரும் இங்கேதான் தப்பு செய்கிறார்கள், நானும் செய்தேன். மரம் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் முதலில் அதற்குச் செலவு செய்யத் தோன்றும். அப்புறம் வெல்டிங் பொறி புதுமரத்தில் விழும்.

தரையோரம், கதவுக்குக் கீழே ஓடுகிற சில் பெட்டி, ஜாக்கி வைக்கும் இடம், முன் குறுக்குச் சட்டத்தின் முனைகள், பின் ஸ்பிரிங் பட்டையின் முன்முனை மாட்டியிருக்கிற இடம்: இவற்றைக் கீழே படுத்துச் சுத்தியால் தட்டிப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் மாட்டும் இடம் துருத்தால் அச்சே நகரும், மேலே எந்த மரம் வைத்தும் பயனில்லை. துருவைக் கறுப்பாக்கும் பாஸ்பாரிக் அமிலக் கலவை மேல்துருவுக்கு நல்லது. ஓட்டையை அது அடைக்காது. பட்டி போட்டு மூடினால் அடுத்த மழை வரை அழகாக இருக்கும்.

எங்கள் டிங்கர் ஒருவர், நல்ல கைதான், பழைய சில் பெட்டியைப் பார்த்துவிட்டு, “அண்ணே, இதுக்கு மேலயே ஒரு தகடு வச்சு ஒட்டிருவோமா? யாரு பாக்கப் போறா?” என்றார். துருவின் மேல் தகடு ஒட்டினால் நடுவில் ஈரம் மாட்டிக்கொள்ளும், இரண்டும் சேர்ந்து துருக்கும். நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டிவிட்டு, பாரம் தாங்கும் இடத்தில் 16 கேஜ், சில் பெட்டிக்கு 18 கேஜ் தகடு வைத்து, சிஓ2 வெல்டிங்கில் விட்டுவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். ஒரே இழுப்பில் அடித்தால் சூட்டில் தகடு நெளியும். பெட்ரோல் டேங்க்கை முழுக்க இறக்கி வெளியே வைத்துவிடுங்கள். வெட்டும் முன் கதவு இருக்கும் இடத்தில் குறுக்கே ஒரு பைப்பை வைத்து முட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் சில் பெட்டியை எடுத்ததும் வண்டி நடுவில் தொய்ந்து, பிறகு கதவு மூடவே மூடாது.

## வழி ஒன்று: இருக்கிற கட்டையிலேயே ஒட்டு

கெட்ட பகுதியை மட்டும் வெட்டி, அதே அளவில் புதுத்துண்டு வைத்து எபாக்ஸிப் பசையில் ஒட்டுவது. நேராக வெட்டி முட்டவைத்தால் நிற்காது. சரிவாக வெட்டிச் சேர்க்க வேண்டும், ஒரு அங்குலக் கனத்துக்கு எட்டு அங்குலச் சரிவு என்பது படகு செய்கிறவர்களின் பழைய கணக்கு. நம்ம ஆசாரிகளுக்கு இது புதிதில்லை, நீள உத்தரத்தை இப்படித்தான் சேர்க்கிறார்கள்.

செலவு குறைவு, அசல் மரம் பெரும்பாலும் வண்டியிலேயே இருக்கும். கூரையைக் கழற்றத் தேவையில்லை. இடுப்புக்கட்டையில் நாலு விரல் நீளம் கெட்டது, நிலைக்கட்டையின் வெளிமுகம் மட்டும் கெட்டது என்றால் வேறு யோசனையே வேண்டாம், இதுதான்.

ஒளிந்த செலவு இரண்டு. ஒன்று, கெட்டது எங்கே முடிகிறது என்று வெட்டும் வரை தெரியாது. நான் ஆறு அங்குலம் என்று நினைத்து ஆரம்பித்தது இரண்டடியில் போய் முடிந்தது. இரண்டாவது, ஒட்டு போடும் இடம் பொருத்தின் மேலேயே வந்தால், அதாவது நிலைக்கட்டையின் கழுந்து கீழ்க்கட்டைக்குள் நுழையும் இடம் என்றால், ஒட்டு நிற்காது. அங்கே கட்டையையே மாற்ற வேண்டும். உளுத்த மரத்துக்குள் எபாக்ஸியை ஊற்றி ‘கெட்டிப்படுத்துவது’ பாரமில்லாத இடத்துக்குச் சரி. கீழ்க்கட்டையில் அதை யாராவது சொன்னால் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

## வழி இரண்டு: இங்கிலாந்துச் சட்டம்

டிராவலருக்கான மரச்சட்டத்தை இன்றும் அங்கே முழுப்பக்கமாகவோ தனித்தனிக் கட்டையாகவோ செய்து விற்கிறார்கள். அசல் ஆஷ், அசல் அளவு, பொருத்துகள் வெட்டி முடித்தது. ஆஷ் கிரிக்கெட் ஸ்டம்ப்புக்கும் சுத்தியல் பிடிக்கும் போகிற மரம். அடியை வாங்கி வளைந்து கொடுக்கும். அந்தக் குணத்துக்காகத்தான் வண்டிக்கு எடுத்தார்கள். ஆனால் ஈரத்தில் உளுப்பதற்கு ஆஷ் பேர்போனது, கரையானுக்கும் அதன் மேல் எந்த மரியாதையும் கிடையாது. அதாவது இறக்குமதி செய்தால் ‘ஒரிஜினல்’ கிடைக்கும், அதோடு ஒரிஜினல் பலவீனமும் சேர்ந்து வரும்.

பணத்தில் முதல் அடி சரக்குக் கூலி. நீளமான, எடை குறைந்த சரக்கு என்பதால் விமானத்தில் எடைக்குப் பதில் கனஅளவுக்குக் கணக்குப் போடுவார்கள். சுங்கம் பொருளின் விலைக்கு மட்டும் வருவதில்லை, கூலியும் இன்ஷூரன்ஸும் சேர்ந்த தொகைக்கு வரும், அதன் மேல் ஜிஎஸ்டி. ஆக, கூலிக்கும் வரி கட்டுகிறோம். மரப்பெட்டியில் கட்டினால் பெட்டிக்கு ஐஎஸ்பிஎம் 15 முத்திரை, அதாவது பெட்டி மரத்தில் பூச்சி வராதபடி பக்குவம் செய்தாயிற்று என்கிற சர்வதேச முத்திரை, இருக்க வேண்டும். வாங்கும்போதே எழுத்தில் கேட்டு வையுங்கள். இல்லாவிட்டால் துறைமுகத்தில் சரக்கு நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஓடும்.

இரண்டாம் அடி யாரும் சொல்லாதது. புதுச்சட்டம் நேராக இருக்கும், உங்கள் வண்டி நேராக இருக்காது. அறுபது வருஷம் தொய்ந்து, எங்கேயோ ஒரு லாரியில் உரசி, யாரோ ஒரு டிங்கர் இழுத்து நிமிர்த்திய உடம்பு. புதுக்கட்டையை வைத்தால் இங்கே கால் அங்குலம் இடிக்கும், அங்கே கால் அங்குலம் இடைவெளி தெரியும். எப்படியும் ஆசாரி தேவைப்படுவார். வந்த மரத்தை உடனே பூட்டவும் கூடாது. பிரித்து, நிழலில், காற்றோட்டமாக ஒரு மாதமாவது கிடக்கட்டும், மதுரை வெயிலுக்குப் பழகி எவ்வளவு சுருங்குமோ சுருங்கிக்கொள்ளட்டும்.

பக்கம் முழுக்கப் போய்விட்டது, மாதிரி எடுக்கப் பழைய கட்டையே மிச்சமில்லை, பணம் இருக்கிறது, போட்டிக்குக் கொண்டுபோகிற எண்ணமும் உண்டு என்றால் இந்த வழி. மேலூர்க்காரருக்கு இடப்பக்கம் இப்படித்தான் ஆகியிருந்தது, கரையான் புற்றுதான் கூரையைத் தாங்கிக்கொண்டிருந்தது.

## வழி மூன்று: நம்ம ஊர் ஆசாரி

இதில்தான் பேச நிறைய இருக்கிறது, ஏனென்றால் ‘தேக்கில் செய்துவிடலாம்’ என்று எல்லோரும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள்.

தேக்கு உளுக்காது, கரையான் சீக்கிரம் தொடாது, வெயிலில் குறைவாகவே அசையும். கீழ்க்கட்டைக்கும் கதவின் அடிக்கட்டைக்கும் நான் தேக்குக்கே ஓட்டுப் போடுவேன். ஆனால் ஆஷ் வாங்குகிற அடியைத் தேக்கு வாங்காது. மெல்லிய இடத்தில் ஸ்க்ரூ முடுக்கினால் பிளக்கும், அதனால் முதலில் துளை போட்டே ஆக வேண்டும். அதில் எண்ணெய்ப் பசை இருப்பதால் எபாக்ஸி பிடிக்காது. ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும். சாதாரண வெள்ளைப் பசை இந்த வேலைக்கே வேண்டாம், ஒரு மழையில் விட்டுவிடும்.

நான் போன ஆசாரி திருமங்கலம் பக்கம். வயசானவர், மாட்டுவண்டி செய்த குடும்பம். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். “தம்பி, இது காரா, கூண்டு வண்டியா?” என்று சிரித்துவிட்டு, நிலைக்கட்டையை விரலால் தட்டி, “காலுக்குத் தேக்கு வேணாம். பூவரசு போடு. ஆடுற எடத்துக்கு வளையுற மரம் வேணும்” என்றார். வண்டிச்சக்கரத்துக்குக் கருவேலமும் பூவரசும் வெட்டிய அனுபவம் பேசியது அது. அவர் சொன்னபடி நிலைக்கட்டை இரண்டை வைரம் ஏறிய பூவரசில் போட்டோம், ஐந்து மழைக்காலம் தாண்டிவிட்டது. பொருத்தில் இன்னும் முடி நுழையாது. கருவேலம் இன்னும் உறுதி, ஆனால் கனம் அதிகம், நீளத்துக்கு நேர்நார் கிடைப்பது கஷ்டம். வேங்கையும் கனம்தான், ஈரம் பட்டால் சாயமும் விடும். இலுப்பை தேருக்குப் பெயர் பெற்ற மரம், மாசி வீதியில் இழுக்கப் போவதில்லையே, விடுங்கள்.

மரம் எங்கே வாங்குவது என்பதற்கு என் பதில் காரைக்குடி. இடித்த செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்கு உத்தரமும் நிலையும் அங்கே பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். எத்தனையோ வருஷம் காய்ந்த மரம், இனிச் சுருங்குவதற்கு அதில் ஒன்றுமில்லை. மதுரையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வாங்கும் முன் ஒரு காந்தத்தைக் கட்டை முழுக்க ஓட்டுங்கள். உள்ளே ஒடிந்த ஆணி ஒன்று இருந்தால் அறுவை மில்காரர் பிளேடு விலையை உங்கள் தலையில் கட்டுவார்.

இந்த வழியின் ஒளிந்த செலவு நேரம். ஆசாரிக்குக் கல்யாண சீசன், கிரகப்பிரவேச சீசன் என்று இருக்கிறது, உங்கள் வண்டி நடுவில் கூரைக்கு முட்டுக் கொடுத்து நிற்கும். நிறமும் ஒத்துப்போகாது. ஆஷ் வெளிர்மஞ்சள், தேக்கு தவிட்டு நிறம், பூவரசு அதைவிடக் கறுப்பு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மாற்றினால் கண்ணுக்கு உறுத்தாது. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் கடைசி வரை விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். பழைய கட்டை எவ்வளவு உளுத்திருந்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஆசாரிக்கு அதுதான் வரைபடம். ஒரு பக்கத்தை முடித்துப் பூட்டிய பிறகுதான் மறுபக்கத்தைக் கழற்ற வேண்டும்.

## ஒரு பார்வையில்

| | ஒட்டு | இறக்குமதி | ஆசாரி |
|---|---|---|---|
| பாரம் தாங்கும் பொருத்து | வேண்டாம் | நன்று | ஆள் தெரிந்தவராக இருந்தால் நன்று |
| ஈரம், கரையான் | பழைய மரம் பழையபடியே | பலவீனம் | தேக்கில் நன்று |
| அசல் தோற்றம் | நன்று | மிக நன்று | நிறம் மாறும் |
| கைச்செலவு | குறைவு | மிக அதிகம் | நடுத்தரம் |
| ஒளிந்த செலவு | வெட்ட வெட்ட நீளும் | கூலி, சுங்கம், மறுபொருத்தம் | காத்திருப்பு |
| பிறகு திருத்த | எளிது | எளிது | எளிது, ஆசாரி கிடைத்தால் |

எந்த வழியானாலும் இரும்பு ஸ்க்ரூ வேண்டாம், துருத்து மரத்தைக் கறுப்பாக்கும். மரத்தோடு மரம் சேர்க்கப் பித்தளை, அலுமினியத் தகட்டைப் பிடிக்க ஸ்டெயின்லெஸ். தகடு உட்காரும் இடத்தில் சீலன்ட் தடவி உட்காரவையுங்கள்.

## தேய்ந்த சாமான்கள்: இங்கே கணக்கு தலைகீழ்

மரத்தில் உள்ளூர்க் கையை நம்பச் சொன்ன நான், முன்சக்கர டிரனியன் (சக்கரம் திரும்புகிற ஊசியைத் தாங்கும் மரைப்பூட்டு) விஷயத்தில் லேத் பட்டறைப் பக்கமே போகாதீர்கள் என்பேன். மைனரின் முன்சக்கரம் மரை வெட்டிய ஊசியில் திரும்புகிறது. இடதுக்கும் வலதுக்கும் மரை எதிரெதிர். கீழ் டிரனியன் தேய்ந்து மரை விட்டால் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிக்கொள்ளும். ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் இரும்பின் தரம் தெரிந்த புதுச்சாமானே போட வேண்டும். வெளிநாட்டுப் பணத்தை இதற்கு எடுத்து வையுங்கள். பிரேக் சிலிண்டர் ரப்பரும் அப்படித்தான். இந்த வண்டியில் பிரேக்குக்கு ஒரே ஒரு லைன், அது விட்டால் மிச்சம் கைபிரேக்தான்.

ஸ்பிரிங் பட்டையை இங்கேயே வளைத்து ஏற்றலாம். பித்தளை புஷ், கதவுக் கீல் பின், கண்ணாடித் தடம் எல்லாம் லேத்தில் சுத்தமாக வரும். தேய்ந்த மாஸ்டர் சிலிண்டருக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதுவும் சரிதான். அம்பாசிடர் எஞ்சின் சாமான் சேரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அம்பாசிடரில் இருந்தது 1489 சிசி பி-சீரிஸ், மைனரில் இருப்பது ஏ-சீரிஸ். வேறு குடும்பம்.

## கடைசியில் அவர்களுக்கு என்ன சொன்னேன்

மதுரைக்காரரின் வண்டியில் மேல்கட்டைகள் நன்றாக இருந்தன, இரண்டு பக்கக் கீழ்க்கட்டையும் போயிருந்தன. கீழ்க்கட்டை இரண்டையும் பழைய தேக்கில் ஆசாரியிடம் செய்யச் சொன்னேன். இடுப்புக்கட்டையில் ஒட்டு, டிரனியன் இறக்குமதி. மூன்று வழியும் ஒரே வண்டியில். மேலூர்க்காரருக்கு இடப்பக்கச் சட்டம் முழுசாக வரவழைக்கத்தான் வேண்டும், ஆனால் இப்போது இல்லை. முதலில் வண்டியைக் கொட்டகையிலிருந்து எடுத்து, சிமெண்ட் தரையில் நான்கு ஸ்டாண்டில் ஏற்றி, ஸ்பிரிங் மாட்டும் இடத்தைச் சுரண்டிப் பார்க்கச் சொன்னேன். அது போயிருந்தால் சட்டத்துக்கு ஆர்டர் கொடுப்பதைத் தை மாதத்துக்குத் தள்ளி வைக்கலாம். நேற்றுப் படம் அனுப்பியிருந்தார். துருவைச் சுரண்டியதும் அடியில் ஒரு ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு வெளிச்சம் தெரிகிறது. சுற்றியிருக்கிற இரும்பு நல்லதுதான். வெல்டரிடம் சொல்லிவிட்டேன், மழைக்கு முன்னால் முடித்துவிடுவார்.